பழைய எக்ஸ்பி, புதிய மடிக்கணினி, ஒரே பிரிண்டர்: யாருக்காக யார் வளைவது?

கடந்த தை மாதம் அக்கா வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை தப்பாக அச்சாகி வந்தது. பெண் வீட்டார் முகூர்த்த நேரத்தை மாற்றச் சொல்லியிருந்தார்கள், பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் மாமாவும் மாற்றிவிட்டார். மாற்றிய கோப்பு அவருடைய பழைய கணினியில் பத்திரமாக இருந்தது. மாற்றாத கோப்பு பென் டிரைவில் இருந்தது. அச்சகத்துக்குப் போனது பென் டிரைவ். முந்நூறு பத்திரிகைகளும் எடைக்குப் போயின. மறுபடி அச்சடித்த செலவு மாமாவின் தலையில் விழுந்தது.

அவருடைய கணினிக்கும், அந்தப் பென் டிரைவை நிரப்பிக் கொடுத்த மடிக்கணினிக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ரயில் பெட்டிபோல நீளவாக்கில் கட்டிய வீடு. கூடத்தின் ஒரு மூலையில் மாமாவின் மேசை, எதிர்ச் சுவரோரம் அக்கா மகளின் மேசை. "மச்சான், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடு" என்றார் மாமா. முடிச்சுப் போடுவது பெரிய காரியம் இல்லை. எந்தக் கயிற்றால் என்பதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

முதலில் மாமாவின் கணினியை ஏன் தூக்கிப் போட முடியாது என்று சொல்லிவிடுகிறேன்; கேட்காத ஆள் இல்லை. அது 2006இல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7 அதில்தான் ஓடுகிறது. இருபது வருடமாகச் சேர்த்த பத்திரிகை மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பூட்டு, அதாவது டாங்கில், பெட்டிக்குப் பின்னால் பேரலல் போர்ட்டில் திருகி மாட்டியிருக்கிறது. இன்றைய மடிக்கணினி எதிலும் அந்தத் துளையே கிடையாது. மாமா பிடிவாதக்காரர்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அக்கா மகளிடம் இருப்பது விண்டோஸ் 11. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களும் விவரங்களும் அங்கேதான் வந்து விழுகின்றன. அங்கிருந்து மாமாவுக்குப் போக வேண்டும். மாமா முடித்ததும் மறுபடி அங்கே வர வேண்டும். பிரிண்டர் ஒன்றுதான்: யூஎஸ்பி துளை மட்டுமே உள்ள சிறிய லேசர் பிரிண்டர். அது மாமாவின் கணினியில் கட்டுண்டு கிடக்கிறது. மகளின் கல்லூரி அசைன்மெண்டுகளும் அதில்தான் அச்சாக வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் பிழை, கோப்பையும் பிரிண்டரையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வது. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குச் சரியான விடை இன்னொன்றுக்கு வீண் செலவாகலாம். இன்னொரு விஷயம், 'பழைய கணினி' என்பதும் ஒரே சாதி இல்லை. உங்களுடையது விண்டோஸ் 7 என்றால் நீங்கள் பாதி கிணற்றைத் தாண்டிவிட்டீர்கள். எக்ஸ்பி என்றால் கரையிலேயே நிற்கிறீர்கள்.

காரணம் மொழி. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். இரண்டாம் பதிப்பு விஸ்டாவோடு வந்தது, மூன்றாவது விண்டோஸ் 8ஓடு. விண்டோஸ் 7க்கு 2.1 தெரியும் என்பதால் விண்டோஸ் 11ஓடு அது பேசிவிடும். அங்கே வரும் சிக்கல்கள் சில்லறைதான். 'நெட்வொர்க்' பட்டியலில் மற்ற கணினி தென்படவில்லை என்றால் பதறாமல் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல எண்ணை நேராக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். கடவுச்சொல் கேட்டால் விண்டோஸ் 11இல் தினமும் தட்டும் நான்கிலக்கப் பின் எண்ணைக் கொடுக்காதீர்கள், அது அந்தக் கணினிக்குள்ளே மட்டும் செல்லும். பகிர்வதற்கென்றே ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கு திறந்து, அதற்குக் கடவுச்சொல் வைத்து, அதைக் கொடுப்பது நல்லது. கடவுச்சொல் வெறுமையாக இருந்தால் வலை வழியாக உள்ளே விடாது. விண்டோஸ் 7இல் 'ஹோம்குரூப்' என்று ஒன்று இருந்ததே என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள். 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கோப்பைப் பொறுத்தவரை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எக்ஸ்பிக்காரர்களுக்கு வலையில் எங்கே தேடினாலும் கிடைக்கும் முதல் வைத்தியம் ஒன்று உண்டு: புதிய கணினியில் 'விண்டோஸ் அம்சங்கள்' பட்டியலைத் திறந்து எஸ்எம்பி 1.0 என்ற பெட்டியில் டிக் அடி, மறுபடி ஆன் செய், வேலை முடிந்தது. உண்மையில் முடிந்துவிடும், பல வீடுகளில். மாமாவுக்கும் இதுதான் பிடித்திருந்தது. காசு செலவில்லை, பத்து நிமிட வேலை.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் உலகம் முழுவதும் பரவியது இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்ட மைக்ரோசாப்ட், அந்தக் களேபரத்தில் அதற்கும் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1ஐ அவர்களே படிப்படியாகக் கழற்றத் தொடங்கினார்கள். பதினைந்து நாள் பயன்படுத்தாமல் விட்டால் தானாகவே நீங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. போன மாதம் வேலை செய்தது இந்த மாதம் செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஏற்பாட்டில் மாட்டியவர்களாகவே இருப்பார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் இரண்டு படி மேலே போனது. ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவு மூடப்பட்டது; ஒவ்வொரு செய்தியிலும் மின்கையொப்பம் கட்டாயமானது. எக்ஸ்பியின் எளிய பகிர்வு முறையோ விருந்தினர் நுழைவை நம்பியே வாழ்வது. ஆக ஒரு பூட்டைத் திறந்தால் அடுத்த பூட்டு, அதைத் திறந்தால் இன்னொன்று. கடைசியில், வங்கிக் கணக்கும் கல்லூரிக் கணக்கும் இருக்கிற புதிய மடிக்கணினி, பேஜ்மேக்கருக்காகக் கதவைத் திறந்து போட்டு நிற்கும்.

அப்படியும் வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பட்டியலில் 'கிளையண்ட்', 'சர்வர்' என்று இரண்டு தனிப் பெட்டிகள் இருக்கும். கிளையண்டை மட்டும் டிக் செய்யுங்கள். ஃபோல்டரைப் பழைய கணினியில் பகிர்ந்து வைத்து, புதியது அங்கே போய் எடுக்கட்டும், வைக்கட்டும். பழையது புதியதற்குள் வர வேண்டாம். வன்னாக்ரை தட்டியது சர்வர் பக்கத்துக் கதவை. இது முழுப் பாதுகாப்பு ஆகாது. இரண்டையும் திறப்பதைவிட மேல்.

எந்த வழியில் போனாலும் எக்ஸ்பியை இணையத்திலிருந்து வெட்டிவிட வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். அதன் நெட்வொர்க் அமைப்பில் ஐபி எண்ணைக் கையால் கொடுத்துவிட்டு 'டீஃபால்ட் கேட்வே' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். வீட்டுக்குள் எல்லாரோடும் பேசும், வாசல் தாண்டாது. மாமா இதற்கு மட்டும் உடனே தலையாட்டினார். அந்தக் கணினியில் ஒரு இணையதளமும் ஒழுங்காகத் திறந்து பல வருடமாயிற்று.

கூகுள் டிரைவ் யோசனையை அக்கா மகள் சொன்னாள். பதினைந்து ஜிபி இலவசம்தான், ஆனால் எக்ஸ்பியின் பிரவுசர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே திணறும். குரோம் 2016இலேயே எக்ஸ்பியைக் கைவிட்டது. பன்னிரண்டு அடி தள்ளியிருக்கும் மேசைக்கு ஒரு கோப்பு போக அது கடல் கடந்து வர வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

பழையதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது, பேஜ்மேக்கர் தேவையில்லாதவர்களுக்கு அருமையான வழி. பழைய 32 பிட் கணினி என்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12ஆம் பதிப்பு வரை போடலாம், 13இல் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். மாமாவிடம் இந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எக்ஸ்பியை அப்படியே புதிய மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் ஓடும் கணினியாகக் குடியேற்றுவது இன்னும் அழகான யோசனை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், இரண்டுக்கும் நடுவே ஒரு பகிர்வு ஃபோல்டர், வலையே வேண்டாம். பழைய கணக்கு மென்பொருளுக்காக எக்ஸ்பியைக் கட்டி அழுகிறவர்கள் இதை முதலில் முயன்று பார்க்கலாம். எங்களைத் தடுத்தது அந்தப் பேரலல் போர்ட் பூட்டு. அதைச் சாவிக்கொத்துபோலத் தொட்டுக் காட்டி மாமா சிரித்தார்.

பென் டிரைவை நான் கேலி செய்யப்போவதில்லை. வாரத்துக்கு இரண்டு கோப்பு என்றால் அதுவே போதும். அதன் குறைகள் வேறு. நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஃபேட்32 அமைப்பு ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றினால் எக்ஸ்பிக்குத் தனியாக ஒரு அப்டேட் போட வேண்டும். அச்சகம், ஜெராக்ஸ் கடை என்று ஊர் சுற்றி வரும் பென் டிரைவ், ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக்கும் வைரஸைக் கூடவே கூட்டி வரும். இவற்றைவிடப் பெரிய குறை, அது ஒவ்வொரு முறையும் ஒரு நகலைப் பெற்றுப் போடுகிறது. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்'. முகூர்த்தம் தவறியது அங்கேதான்.

வலை வழியாகக் கோப்பு அனுப்ப எஃப்டிபி என்ற பழைய வழியும் உண்டு. புதியதில் ஃபைல்சில்லா சர்வர் நிறுவி, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டினால், எக்ஸ்பி தன் எக்ஸ்ப்ளோரரிலிருந்தே அதைத் திறக்கும். எஸ்எம்பி 1 தேவைப்படாது. எனக்கு இது பிடிக்கும். ஆனால் எக்ஸ்பியின் எஃப்டிபி வழியாகப் போகும்போது தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் சிதைந்துபோகும். 'லட்சுமி கல்யாணம்' என்று பெயர் வைத்துப் பழகிய ஆளிடம், இனி ஆங்கில எழுத்தில் பெயர் வை என்று சொல்லிப் பாருங்கள்.

மிஞ்சியது நடுவர். இரண்டு பேருக்கும் மொழி புரியவில்லை என்றால் ஒருவரைத் திருத்துவதைவிட இரண்டு மொழியும் தெரிந்த மூன்றாவது ஆளை உட்கார வைக்கலாம் அல்லவா? ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிப் பெட்டியோ, திரை உடைந்து பரணில் கிடக்கும் மடிக்கணினியோ போதும். அதில் லினக்ஸ் போட்டு, எஸ்எம்பி பேசத் தெரிந்த சாம்பா என்ற மென்பொருளை நிறுவினால் எக்ஸ்பியோடு பதிப்பு 1இலும் விண்டோஸ் 11ஓடு பதிப்பு 3இலும் ஒரே நேரத்தில் பேசும். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 முதல் பதிப்பு 1ஐ மூடியே வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் திறக்க வேண்டும். எக்ஸ்பி ப்ரோவில் பாதுகாப்புக் கொள்கைக்குள் போய் என்டிஎல்எம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையின் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று மாற்றிவிட்டால், அதிலும் பழையதுதான் வளைகிறது, மற்றவர்கள் இல்லை. அந்தப் பெட்டியில் பகிர்வு ஃபோல்டரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால், ஏதாவது நடந்தாலும் இழப்பு அதோடு நிற்கும். புதிய கணினியில் ஒரு பூட்டையும் தொட வேண்டியதில்லை. இணைய மோடத்தில் யூஎஸ்பி துளை இருந்தால், அதில் ஹார்ட் டிஸ்க் மாட்டி இதே வேலையை வாங்க முடிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், காசு மிச்சம். எங்கள் மோடத்தில் துளை இருந்தது, அமைப்புப் பக்கத்தில் அதற்கான வசதியைக் காணவில்லை.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். பழைய கணினியின் நெட்வொர்க் அட்டை 100 மெகாபிட் என்றாலும் நொடிக்குச் சுமார் 11 எம்பி போகும். இரண்டு ஜிபி படங்களுக்கு மூன்று நிமிடம், மாமா டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம். பழையதைக் கேபிளில் மாட்டுங்கள், வைஃபையில் வேண்டாம். அந்தக் காலத்து வைஃபை அட்டைகளுக்குப் புதிய டபிள்யூபிஏ3 பூட்டு தெரியாது. அவற்றுக்காக வீட்டு வைஃபையின் பூட்டைத் தளர்த்தினால் பழைய கதைதான்.

பெட்டியில் என்ன வைப்பது என்று பேச உட்கார்ந்தபோது ஒன்று தெளிவானது. பேஜ்மேக்கர் கோப்பு மகளுக்குத் தேவையே இல்லை. மடிக்கணினியில் அது திறக்காது. அந்தப் பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பைக் கொண்டுபோனாலும், எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அவளுக்கு வேண்டியது எழுத்துரு பொதிந்த பிடிஎஃப். மாமா தன் வேலையைத் தன் டிஸ்க்கிலேயே செய்யட்டும். நெட்வொர்க் வழியாகத் திறந்து வைத்து வேலை செய்யும்போது கேபிள் ஒரு நொடி ஆடினால் கோப்பு கெடலாம். முடிந்ததை மட்டும் பிடிஎஃப் ஆக்கிப் பெட்டியில் 'அச்சுக்கு' என்ற ஃபோல்டரில் போட வேண்டும். ஒரு வேலைக்கு ஒரே கோப்பு, திருத்தினால் அதன் மேலேயே. 'வந்தவை' என்று இன்னொரு ஃபோல்டர், வாட்ஸ்அப் படங்களுக்கு. இந்த இரண்டு பெயரை முடிவு செய்ய அரை மணி நேரம் ஆனது. சாம்பா நிறுவ அவ்வளவு நேரம் ஆகவில்லை.

இனி பிரிண்டர். ஒரு விண்டோஸிலிருந்து இன்னொரு விண்டோஸுக்குப் பிரிண்டரைப் பகிர்வது, பழையதும் புதியதும் கலந்த வீட்டில் எரிச்சலின் ஊற்று. பிரிண்டரை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; எக்ஸ்பியிடம் இருப்பது 32 பிட் டிரைவர். விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே, அதை ஏற்காது. இரண்டும் புதிய விண்டோஸாக இருந்தாலும் நிம்மதி இல்லை. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு, அதை அடைக்க வந்த அப்டேட்களில் வீட்டுப் பிரிண்டர் பகிர்வுகள் பல அறுந்தன. இன்றும் '11பி' என்று முடியும் பிழை எண்ணோடு யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். அதற்கு வலையில் கிடைக்கும், விண்டோஸின் உள்ளமைப்புப் பதிவேட்டை (ரெஜிஸ்ட்ரி) மாற்றும் மருந்து, அடைத்த ஓட்டையை மறுபடி திறப்பதுதான்.

நடுவர் பெட்டியிலேயே பிரிண்டரை மாட்டலாமே என்று தோன்றும். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கும் கப்ஸ் என்ற மென்பொருளில் பிரிண்டர் ஏறிவிட்டால் கைபேசியிலிருந்துகூட அச்சிடலாம். ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே பாருங்கள்: இந்த மலிவு லேசர்கள் பலவற்றுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. பக்கத்தைக் கணினியே வரைந்து கொடுக்க வேண்டும், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்தாலும் சாதாரணக் கணினிச் சில்லுக்கு மட்டும் கொடுப்பார்கள். ராஸ்பெரி பையின் ஆர்ம் சில்லில் அது ஓடாது. பரண் மடிக்கணினி இந்த இடத்தில் ஜெயிக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. பெட்டி எதையும் புரிந்துகொள்ளாமல், 9100 என்ற நெட்வொர்க் போர்ட் எண்ணில் வருவதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளும் குழாயாக இருந்தால் போதும். எக்ஸ்பியும் விண்டோஸ் 11உம் தத்தம் டிரைவரால் வரைந்து அனுப்பும். பதிலுக்குப் பிரிண்டரிடம் பேச விரும்பும் டிரைவர்கள் மட்டும் இதில் முரண்டு பிடிக்கும்.

மேசைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மாமாவின் தையல் டேப்பால் அளந்தேன். யூஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டர் வரை தாங்கும். சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோனாலும் நாலே கால். அப்புறம் என்ன நெட்வொர்க்? ஒரு பிரிண்டர், இரண்டு கேபிள், நடுவே பொத்தான் வைத்த யூஎஸ்பி ஸ்விட்ச். ஒரு அழுத்தில் பிரிண்டர் மாமாவுக்கு, மறு அழுத்தில் மகளுக்கு. மின்சாரம்கூடத் தனியாக வேண்டாம். டிரைவர் சண்டை, அப்டேட் பயம் ஒன்றும் கிடையாது. வேறு வேறு அறையில், மாடியில் இருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் இருக்கும் பிரிண்டர் தேயும்வரை பொறுத்து, அடுத்ததை நெட்வொர்க் வசதியோடு வாங்கலாம். வைஃபை பிரிண்டர் என்று மட்டும் பார்க்காமல் கேபிள் துளையும் இருக்கிறதா, எக்ஸ்பிக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்; பெரும்பாலும் கிடைக்காது.

திங்கட்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி கணினிச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஸ்விட்ச் சில நூறு ரூபாய்தான். பெட்டி வாங்கவில்லை, என் வீட்டுப் பரணில் திரை போன மடிக்கணினி ஒன்று கிடந்தது. அதன் ரேம் பற்கள் பச்சை பூத்திருந்தன. காசிமேட்டுக் கடலின் உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இது சகஜம், பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். மிக்ஜாம் புயலில் தண்ணீர் முழங்கால்வரை வந்ததை அக்கா மறக்கவில்லை. அதனால் பெட்டி தரையில் இல்லை, சாமி அலமாரிக்கு மேல் தட்டில். விபூதி விழாமல் இருக்க ஒரு அட்டை மறைப்பு.

முதல் வாரம் ஸ்விட்சில் யார் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு பேரும் மாறி மாறி அழுத்தி, மகளின் அசைன்மெண்ட் அச்சாகாமல் நின்றது. அக்கா தன் பொட்டு அட்டையிலிருந்து இரண்டைப் பிய்த்து விளக்குகளுக்கு அருகே ஒட்டிவிட்டாள். சிவப்பு மாமாவுக்கு, பச்சை மகளுக்கு. பென் டிரைவ் இன்னும் மாமாவின் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது.